பிட்டர் எண்ட் ஓர் இடத்தின் பெயர்

போன மாதம் ஒரு நாள் கவிதா போன் செய்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில், மாடியில் இருக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், நான் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"எஸ்தரக்கா, ஒரு சந்தேகம். ரெண்டு பார்ட்னர் சண்டை. ஒருத்தர் லெட்டர்ல 'டு தி பிட்டர் எண்ட்' வரைக்கும் பாத்துக்கிடுதேன்னு எழுதியிருக்காரு. போன்ல போட்டா 'கசப்பான முடிவு வரை'ன்னு வருது. அப்படியே போட்டுரவா?"

"வேண்டாம்மா. 'கடைசி வரைக்கும் விடமாட்டேன்'னு போடு."

"கசப்பு இல்லையா அதுல?"

"இல்ல" என்றேன். குக்கர் சத்தம் கேட்கிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கர் எதுவும் இல்லை. பிறகு அவளிடம் கொஞ்சம் சொன்னேன். மிச்சத்தை எழுதிக் கொடுப்பது நல்லது என்று தோன்றியது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

நான் ராஜபாளையத்துக்காரி. தட்டச்சு ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலை கேட்டுப் போனபோது, அந்த அலுவலகத்தை நடத்திய வெங்கட்ராஜு சார் என்னிடம் ஒரு கிரயப் பத்திரத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். நான்கெல்லை எழுதுவதிலேயே மூன்று தப்பு. ஆனாலும் மறுநாள் வரச் சொன்னார். பத்து வருடத்தில் பத்திரம், வாரிசுச் சான்று, விசா காகிதம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. அதிகம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. தினமும் காலை பஸ்ஸில் போய், சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினேன்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் ராஜபாளையம்தான். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், தாளில் ஆங்கிலம். ஒரு மொழிபெயர்ப்பு முடிந்ததும் அவர் படிக்க மாட்டார், கேட்பார். நான் எதிரே உட்கார்ந்து மூல வாக்கியத்தை ஒருமுறை, நம் வாக்கியத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடியிருப்பார். சரியாக இருந்தால் பேனாவின் பின்பக்கத்தால் மேஜையில் ஒரு தட்டு. தட்டு விழாவிட்டால் அந்த வாக்கியத்தை மறுபடி எழுத வேண்டும். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே தேட வேண்டும். எல்லா வாக்கியத்துக்கும் தட்டு விழுந்த பிறகு, கடைசியில் 'மூலத்தில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும்' என்று சான்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். பக்கத்தில் அவர் போடுவார். முத்திரை குத்தும்போது மட்டும் எழுந்து நின்றுகொள்வார். உட்கார்ந்து குத்தி நான் பார்த்ததே இல்லை.

சேவியர் வழக்கு வந்தபோது எனக்கு இருபத்தேழு வருட அனுபவம்.

சேவியர் கான்சாபுரத்துக்காரர். சரக்குக் கப்பலில் மாலுமி. கப்பல் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஆறு நாள் நின்றிருந்தது. ஏழாம் நாள் காலை நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு சேவியர் வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். ஆள் இல்லை. கடலில் குதித்துவிட்டார் என்று கம்பெனி முடிவு செய்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது ஒரே ஒரு வாக்குமூலம். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் உடைந்த ஆங்கிலத்தில் கையால் எழுதிய அரைப் பக்கம்.

சேவியர் மனைவி ரோஸ்லின் தரப்பு வக்கீல் அந்தக் காகிதங்களை எங்களிடம் கொடுத்துத் தமிழில் கேட்டார். அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: 'அவர் பிட்டர் எண்டுக்குப் போவதாகச் சொன்னார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.'

முதலில் 'கசப்பான முடிவுக்குப் போவதாகச் சொன்னார்' என்றுதான் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன், கட்டை போல இருந்தது. தமிழில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அடித்துவிட்டு, 'தன் முடிவைத் தேடிப் போவதாகச் சொன்னார்' என்று எழுதினேன். அந்த வரியைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

சார் எதிரில் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டவர் அந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். "நல்லா வந்திருக்கும்மா" என்றார். இருபத்தேழு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் இரண்டு முறைதான் கேட்டிருந்தேன். எழுந்து நின்று முத்திரை குத்தினார்.

பத்து நாள் கழித்து ரோஸ்லின் மாடி ஏறி வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மத்தியானம் இரண்டரை மணி, சார் சாப்பிடப் போயிருந்தார். என் முன்னால் தமிழ்ப் பிரதியை வைத்து அந்த வரியில் விரலை ஊன்றினாள்.

"இதை எழுதுனது நீங்களாக்கா?"

"ஆமாம்மா."

"எங்க அத்தை இதை ஊர்ல ஒரு பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாக. கேட்டுட்டு, 'ஏட்டி, போன்ல நீ என்னத்தச் சொல்லி எம்மவனைச் சாகடிச்சே'ன்னு கேக்காக. வீட்டுக்குள்ள விட மாட்டேங்காக. நான் எதுவுமே சொல்லலக்கா. எங்க வீட்டுக்காரர் இப்படிப் பேசுற ஆளே இல்ல."

பையிலிருந்து போனை எடுத்தாள். "இது அன்னைக்குக் காலையில அனுப்புனது. வக்கீல் சார்கிட்டயும் குடுத்திருக்கேன். கேளுங்க."

குரல் பதிவு. பத்துப் பதினோரு நொடி இருக்கும். முதலில் காற்று இரைச்சல். அதற்குள்ளே இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம். பிறகு ஓர் ஆண் குரல், சிரித்த மாதிரி: "ரோஸு, கீழ இறங்கிட்டு ஏறி வந்து பேசுதேன். செத்த நேரந்தான்." யாரோ தூரத்தில் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். நானும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. அன்று அந்தப் போனிலிருந்து அது வெளியே வந்தபோது என் கைகளில் மயிர் நிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வெளியே நல்ல வெயில்.

"சாகப் போறவுக ஏறி வாரேன்னு சொல்வாகளாக்கா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னது இது: "மூலத்துல என்ன இருக்கோ அதைத்தான்மா நாங்க மாத்துவோம். எங்க கையில ஒண்ணும் இல்ல."

அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதன் பிறகு இரும்புச் சத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. கீழே இரும்புக் கடையில் லாரியிலிருந்து சங்கிலி இறக்குவார்கள். அதற்கு முன் வருடக்கணக்காகக் கேட்ட சத்தம்தான், காதில் விழுந்ததே இல்லை. இப்போது அது தொடங்கியதும் என் விரல்கள் தட்டச்சில் நின்றுவிடும். சங்கிலி விழுந்து முடியும்வரை, அதற்குப் பின்னால் யாரோ பேசப் போகிறார்கள் என்று காத்திருப்பேன். யாரும் பேச மாட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கம்பி ஆடுகிற சத்தத்துக்கு நடுவில் 'ஏறி வந்து பேசுதேன்' என்று கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். பின் சீட்டில் யாரோ காய்கறிப் பையோடு தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். தளவாய்புரத்திலிருந்து முருகேசன் என்று ஒருவர், கல்யாணச் சான்றை ஆங்கிலத்தில் மாற்ற வந்தார். ஐம்பது வயது இருக்கும், கையெல்லாம் தழும்பு. என்ன வேலை என்று படிவத்துக்காகக் கேட்டேன்.

"கப்பல்ல போசன் மேடம். மேல்தளத்து மாலுமிகளுக்கு மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கோங்க. நங்கூரம், கயிறு, பெயிண்ட் எல்லாம் நம்ம பொறுப்பு."

எனக்கு அப்போது ஏன் அதைக் கேட்கத் தோன்றியது என்று தெரியவில்லை. பெயர் எதுவும் சொல்லாமல், "பிட்டர் எண்டுன்னா கப்பல்ல ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு மேடம். அது ஒரு இடம்."

என் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

அவர் மேஜை மேல் இருந்த கோப்பு கட்டும் நாடாவை எடுத்து விளக்கினார். பாய்மரக் கப்பல் காலத்தில் மேல்தளத்தில் இரண்டு கனமான மரத்தூண்கள் இருக்கும், அவற்றுக்குப் பெயர் பிட்ஸ். நங்கூரக் கயிறு அந்தத் தூணைச் சுற்றித்தான் கடலுக்குள் போகும். கடலில் கிடப்பது ஒரு முனை. தூண் பக்கம் கப்பலிலேயே நிற்கிற மறுமுனை பிட்டர் எண்ட். "கயிறை விட்டுக்கிட்டே போறோம்னு வைங்க. அந்த முனை வந்திருச்சுன்னா முடிஞ்சுது, அதுக்கு மேல விடக் கயிறு கிடையாது. அதான் கடைசி வரைக்கும்ங்கிற அர்த்தம் வந்ததுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கசப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம்."

"இப்பத்தான் தூண் கிடையாதே?"

"இப்ப சங்கிலி. கப்பல் மூக்குல, அடியில, செயின் லாக்கர்னு கிணறு மாதிரி ஒரு இரும்பு அறை இருக்கும். சங்கிலி அதுக்குள்ளதான் குவிஞ்சு கிடக்கும். அதோட கடைசி வளையத்தை உள்ள ஒரு முளையில மாட்டியிருப்போம். அதுதான் இப்ப பிட்டர் எண்ட். நங்கூரம் போட்டுச் சங்கிலி வெளியில கிடக்கும்போது அறை பாதி காலியா இருக்கும். அப்ப ஆளை இறக்கி அந்த முளை துருப்பிடிச்சிருக்கான்னு சுத்தியல் வச்சுத் தட்டிப் பாக்கச் சொல்வோம்."

"ஆள் உள்ள இருக்கும்போது நங்கூரத்தைத் தூக்கினா?"

முருகேசன் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்தார்.

"தூக்க மாட்டாங்க மேடம். ஆள் இறங்கினா எழுதி வைக்கணும். மேல ஒருத்தர் நிக்கணும்."

"எழுதி வைக்கலேன்னா? யாரும் நிக்கலேன்னா?"

"ஒவ்வொரு வளையமும் தூக்க முடியாத கனம் மேடம். நூத்துக்கணக்குல மேலேயிருந்து விழும். அந்தச் சத்தத்துல..." நாடாவைச் சுருட்டி மேஜையில் வைத்தார். "யாரு மேடம் அது?" என்றார்.

அவர் போன பிறகு கோப்பை எடுத்து அந்த அரைப் பக்கத்தைப் படித்தேன். அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஒரு மாலுமி இன்னொரு மாலுமியிடம், எந்த இடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த பிலிப்பைன்ஸ்காரர் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார். கம்பெனியில் அதைப் படித்தவர்கள் அலுவலகத்தில் உட்காருகிறவர்களாக இருக்க வேண்டும். என்னைப் போல.

சாரிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். நான் முடித்த பிறகும் திறக்கவில்லை.

"நானும்தானம்மா கேட்டேன்" என்றார். "நல்லா இருக்குன்னு வேற சொன்னேன்."

"திருத்திக் குடுக்கணும் சார்."

"குடுத்தா, நம்ம முத்திரை போட்ட எல்லாக் காகிதத்தையும் சந்தேகப்படுவாங்க. யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

அன்று அவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் நான் போவதற்கு முன்பே வந்திருந்தார். தவறான வரி, சரியான வரி, தவறு எப்படி நேர்ந்தது, யாருடைய தவறு என்று தனித்தனியாகத் தன் கையாலேயே திருத்த மனுவை எழுதி வைத்திருந்தார். யாருடைய தவறு என்ற இடத்தில் தன் பெயரை முதலில் எழுதியிருந்தார். நான் என் பெயரை அதற்கு மேல் எழுதினேன். அவர் எழுந்து நின்று முத்திரை குத்தினார். முத்திரை இரண்டாக விழுந்தது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

ரோஸ்லினை வரச் சொல்லி நானே சொன்னேன். அவர் சாவைத் தேடிப் போகவில்லை, வேலைக்குத்தான் இறங்கியிருக்கிறார், நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அப்ப அவிய இன்னும் அந்தக் கப்பல்லதான் இருக்காகளா?"

அவள் போனைத் திறந்து காட்டினாள். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டுகிற வரைபடம். சேவியர் இருந்த காலத்தில் அவரே பதிவிறக்கிக் கொடுத்தது, தினமும் பார்ப்பாளாம். நீலத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பச்சை முக்கோணம். அதன் மேல் அந்தக் கப்பலின் பெயர். அது நகர்ந்துகொண்டிருந்தது.

வக்கீல் சங்கிலி அறையைச் சோதிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினார். திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டோம், சங்கிலி மட்டும்தான் இருக்கிறது என்று கம்பெனி பதில் போட்டது. முருகேசனிடம் போனில் கேட்டேன். "மேலேயிருந்து பாத்தா சங்கிலிதான் மேடம் தெரியும். நங்கூரம் போடும்போதும் முழுச் சங்கிலியையும் விட மாட்டோம், அடிக்குவியல் அப்படியே கிடக்கும். கப்பலைப் பழுது பாக்க ஏத்தும்போதுதான் கடைசி வளையம் வரைக்கும் வெளிய இழுத்துப் போடுவாங்க" என்றார்.

ஆகவே காத்திருந்தோம். ரோஸ்லின் தினமும் ஒரு செய்தி அனுப்புவாள். "இன்னைக்கு ஒரு துறைமுகத்துல நிக்குதுக்கா." "இன்னைக்குக் கெளம்பிருச்சு." நானும் அந்த வரைபடத்தை என் போனில் ஏற்றிக்கொண்டேன். சோறு வடிக்கும்போது பார்ப்பேன், ஜெபக் கூட்டத்துக்குப் போகும் வழியில் பார்ப்பேன். பச்சை முக்கோணம் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போகும். இருபது பேர் அதில் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், வீட்டுக்குப் பேசுகிறார்கள். அவர்கள் காலுக்குக் கீழே, மூக்குப் பக்கம், ஒருவர் இருக்கிறார். அது கரையில் எங்கள் நாலைந்து பேருக்குத் தெரியும். கப்பலில் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை ரோஸ்லின், "நம்ம பக்கமா வருதுக்கா" என்று அனுப்பினாள். இலங்கைக்குக் கீழே வந்து, இரண்டு நாள் கிழக்கே போய், மறைந்தது.

காத்திருக்கத் தொடங்கிய எட்டாம் மாதம் முக்கோணம் ஒரு பழுதுபார்க்கும் துறையில் நின்றது. பிறகு நகரவே இல்லை. மூன்று வாரம் கழித்து வக்கீலுக்கு மின்னஞ்சல் வந்தது.

அந்த அறிக்கை எங்களிடம்தான் வந்தது. சார், "வேற ஆள்கிட்ட குடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இம்முறை தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் முருகேசனைக் கூப்பிட்டேன். சங்கிலியை முழுவதும் இறக்கிய பிறகு, அறையின் அடியில், ஏணிக்குப் பக்கத்தில் சேவியரைக் கண்டெடுத்தார்கள். சங்கிலிக்கும் ஏணியின் கடைசிப் படிக்கும் நடுவில் கால் சிக்கியிருந்தது. பிட்டர் எண்ட் முளையில் பாதித் துரு சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்த வரியை மாற்ற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஏணியை அடுத்த சுவரில் பெயிண்ட் உதிர்ந்த சுத்தியல் தடங்கள், மூன்று மூன்றாக, ஒன்பது வரிசை. கடைசி வரிசையில் இரண்டு.

எழுதி முடித்து சார் முன்னால் வாசித்தேன். அந்த வரிக்குத் தட்டு விழ வெகுநேரம் ஆனது. ஆனால் விழுந்தது. கூட்டாமலும் குறைக்காமலும் என்று கையெழுத்துப் போட்டேன்.

சேவியரை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்த மறுவாரம், ரோஸ்லின் கூப்பிட்டு நான் கான்சாபுரம் போனேன். சேவியர் அம்மா சவரியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. முன்னால் படித்துக் கேட்டது தப்பு என்றால், சரியானதை எழுதினவளே வந்து படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். ரோஸ்லினை வீட்டுக்குள் விட்டிருந்தார். இன்னும் அவளிடம் பேசவில்லை.

கதவுப் பக்கம் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அந்த அம்மா எதிரே தரையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தார். ரோஸ்லின் என் பின்னால் நின்றாள்.

முதலில் அந்தப் பழைய வரியைத் திருத்திப் படித்தேன். "தனக்குப் போட்டிருந்த வேலைக்குத்தான் போனாருன்னு அர்த்தம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவர் தலையை ஆட்டி, மேலே படி என்றார். அறிக்கையைப் படித்தேன். அடியில் கண்டெடுத்தது, கால், முளை. "பாதித் துருவைச் சுரண்டியிருக்கானா?" என்று இடையில் கேட்டார். ஆமாம் என்றேன். "எடுத்த வேலையை முடிக்காம வர மாட்டான்" என்றார்.

பிறகு கேட்டார்: "தாயீ, உடனே போயிருச்சா? இல்ல, ரொம்பத் துடிச்சானா? அதுல போட்டிருக்கா?"

என் விரல் அந்த வரியின் தொடக்கத்தில் இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு சொல்லை நான் விட்டதில்லை. ஏணியை அடுத்த சுவரில் என்று வாய் திறந்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. ரோஸ்லின் என் தோளுக்கு மேலாகக் குனிந்திருப்பது தெரிந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியும். அவள் மூச்சு என் காதருகே ஒரு முறை நின்றது. அந்த வரியை அவள் பார்ப்பது அப்போதுதான் முதல் முறை.

அவள் கை முன்னால் வந்து அந்தப் பக்கத்தைத் திருப்பியது.

"அப்படி ஒண்ணும் போடலத்தே" என்றாள். பிறகு என்னிடம், "அடுத்ததைப் படிங்கக்கா."

அடுத்த பக்கத்தில் அவரிடம் இருந்த பொருள்களின் பட்டியல் இருந்தது. டார்ச் ஒன்று, கையுறை ஒரு ஜோடி, கழுத்தில் ஜெபமாலை என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். சவரியம்மாள் எழுந்து வந்து ரோஸ்லின் பக்கத்தில் நின்று கேட்டார்.